கொக்கி முன்னால்தான்

1

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. அன்று காலை பத்தரை மணிக்கு, எங்கள் மலையூரான ரூஃபெனெக்கின் நகர்மன்றத்து இரண்டாம் தளத்தில், நான் ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் வண்ணக் கண்ணாடிச் சித்திரத்தின் கீழே புதிதாக ஓர் அட்டையை ஒட்டியிருந்தார்கள். அட்டை சொல்வது இது: “கோடரியீட்டி ஏந்திய வீரன், 1488. ஆயுதப் பழக்கம் இல்லாத ஓவியர், கோடரியைப் பின்னாலும் கொக்கியை முன்னாலும் தவறாக வரைந்துள்ளார்.”

என் குறை ஒன்றே. ஓவியர் தவறு செய்யவில்லை.

[கோடரியீட்டி: ஆளைவிட உயரமான கழி. உச்சியில் குத்துவதற்கு முனை, ஒரு பக்கம் வெட்டுவதற்குக் கோடரி, மறுபக்கம் இழுப்பதற்குக் கொக்கி. எங்கள் பள்ளத்தாக்கின் மாட்டுக்காரர்கள் இதைக் கொண்டுதான் இரும்புச் சட்டையணிந்த பிரபுக்களைக் குதிரையிலிருந்து இறக்கினார்கள். சிலுவையில் அறையும் காட்சியின் பழைய ஓவியங்களைப் பாருங்கள். கூட்டத்துக்கு மேலே வானத்தைக் கீறிக்கொண்டு இது எங்கேனும் நிற்கும்.]

1488இல் இவ்வூரில் அடுப்பெரிந்த ஒவ்வொரு வீடும் ஓர் ஆயுதம் வைத்திருந்தாக வேண்டும். ஆண்டுதோறும் வசந்தத்தில் அதைத் தேவாலயப் புல்வெளியில் காட்டவும் வேண்டும். ஓவியரும் அந்த வரிசையில் நின்றவரே. அவருக்கா ஆயுதப் பழக்கம் இல்லை? கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டியை மாற்றியபோது கண்ணாடியைத் திருப்பிப் பொருத்திவிட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். திருப்பிப் பாருங்கள். கொக்கியோடு ஆளும் சேர்ந்துதான் திரும்புவான். கொக்கி அப்போதும் அவனுக்கு முன்னால்தான் இருக்கும்.

அட்டையை ஒட்டிய அருங்காட்சியகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: “ஆதாரம் உண்டா?”

இல்லை. ஆதாரம் இல்லாதபோது நேர்மையானவன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கதை எழுதலாம், எழுதியது கதை என்று சொல்லியும் விடலாம். ஆகவே சொல்லிவிடுகிறேன்: இனி வரும் பெண் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நான் உண்டாக்கியவள்.

2

முதல் தொடக்கம்: “பனி உருகிய அந்த அதிகாலையில், போரின் நிழல் பள்ளத்தாக்கின் மேல்…” அடித்துவிட்டேன். போருக்கு ஏது நிழல்? முப்பத்து நான்கு ஆண்டுகள் மாணவர் கட்டுரைகளில் இத்தகைய வாக்கியங்களைச் சுற்றி வட்டம் போட்டவன் நான்.

இரண்டாம் தொடக்கம்: “ஓவியர் லூக்ஸ் தம் தூரிகையை…” இதுவும் வேண்டா. லூக்ஸ் பார்த்தவர் மட்டுமே. செய்தவளிடமிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாம் தொடக்கம் நிற்கிறது:

அப்போலோனியாவுக்கு ஏழு பசுக்கள் இருந்தன. மலைமேல் அவற்றை மேய்க்கும் உரிமை, வரும் ஞாயிற்றுக்கிழமையோடு கைவிட்டுப் போய்விடும்போல் இருந்தது.

3

அவள் கணவன் யோஸ்ட் அயல்நாட்டு மன்னனுக்குக் கூலிப்படை வீரனாகப் போனான். அவனுடைய கோடரியீட்டியின் தலை மட்டும் ஒரு சாக்குப்பையில் திரும்பி வந்தது. அப்போலோனியா மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள், காட்டில் தான் மரம் இழுக்கும் கொக்கிக்கழியை எடுத்து, அதன் கொக்கியைக் கழற்றிவிட்டு, அந்த இரும்புத் தலையை அதில் அறைந்து பொருத்தினாள். பத்தாண்டுகள் அவள் உள்ளங்கை பட்டு வழவழத்த கழி அது.

ஊர் விதி எளியது. ஒவ்வொரு வீடும் ஆயுதத்தைக் காட்ட வேண்டும்; அதை ஆளத் தெரிந்த ஓர் ஆளையும் காட்ட வேண்டும். தவறினால் அந்த வீட்டின் மேய்ச்சல் உரிமை பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரன் பெர்ஷி, நீர்த்தொட்டியருகே அவளை மறித்தான்.

“ஞாயித்துக்கிழமை யாரை நிறுத்தப் போற, அப்போலோனியா?”

“என்னைத்தான்.”

“விளையாடாத. அது ஒண்ணும் வெண்ணெய் கடையிற மத்து இல்ல.”

“தெரியும் பெர்ஷி. மத்து இதைவிடக் கனம்.”

“நல்லதுக்குச் சொல்றேன். மேய்ச்சலை எங்கிட்ட விட்டுடு. உன் பசு ரெண்டுக்கு ஓரமா இடம் தரேன்.”

“என் பசு ஏழு. எண்ண வரலைன்னா சொல்லு, வாசல்ல வரிசையா நிறுத்திக் காட்டறேன்.”

[எனக்கே இங்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒரு பெண் இதைத் தூக்கிச் சுழற்ற முடியுமா? நண்பர் ஒருவரின் தொழுவத்துக்குப் போய் நிறுத்துப் பார்த்தேன். பால் நிறைந்த வாளி பன்னிரண்டு கிலோ. அவர் பாட்டன் காலத்துக் கோடரியீட்டி இரண்டரைக் கிலோ. ஐயப்பட்டதற்காக வெட்கப்பட்டேன்.]

4

ஆயுதச் சோதனை அதிகாரியின் பெயர் இத்தேல். முதல் வரைவில் அவனுக்கு ஒரு மாறுகண்ணும் கொடூரச் சிரிப்பும் வைத்திருந்தேன். இரண்டையும் நீக்கிவிட்டேன், அது சோம்பேறி எழுத்து. இத்தேல் கெட்டவன் அல்லன். மாட்டு வணிகரின் மகன். வெளிநாட்டில் சேவை செய்து, தொப்பியில் இறகோடு திரும்பியவன். அவன் செய்த பிழை ஒன்றுதான். கோடரியீட்டிகளைச் சோதிக்கக் குதிரைமேல் வந்தான்.

எங்கள் ஊரார் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. வேற்றூர்ப் பிரபு எவனும் இந்தக் கழிகளுக்கு நடுவே குதிரையில் வர அஞ்சுவான். இத்தேலின் தாத்தாவோ பிரபுக்களை இழுத்து வீழ்த்தியவர். வீழ்த்தியவரின் பேரனுக்குத் தானும் விழக்கூடும் என்பது தோன்றவே இல்லை.

அப்போலோனியாவின் முறை வந்தபோது புல்வெளி சேறாகியிருந்தது. அவள் கம்பத்தை வெட்டினாள், இரண்டாயிற்று. மூட்டையைக் குத்தினாள், தவிடு கொட்டியது. மூன்றாவதாக, மரச்சட்டத்தில் ஏற்றிவைத்த வைக்கோல் வீரனைக் கொக்கியால் இழுக்க வேண்டும். அதற்குள் இத்தேல் குதிரையைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினான்.

“போதும்மா. வைக்கோலை என் தங்கச்சிகூட இழுப்பா. நிஜமா ஒருத்தன் குதிரைமேல வந்தா என்ன செய்வ?”

“இறங்குங்கன்னு சொல்லுவேன், ஐயா.”

வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பெர்ஷி தொண்டையைச் செருமினான்.

“இறங்கலைன்னா?”

ஏழு பசுக்களும் ஒவ்வொன்றாக அவள் மனத்தில் வந்து நின்றன. ஆனால் கைகள் அவளைக் கேட்கவில்லை. காட்டில் எப்போதும் செய்வதையே செய்தன. கழியைத் திருப்பிக் கொக்கியை முன்னால் கொண்டுவந்தன. ஆண்கள் எவரும் அப்படிப் பிடிப்பதில்லை. அவர்களுக்கு முதலில் வெட்டத்தான் தோன்றும். மரம் இழுப்பவளுக்குக் கொக்கிதான் முன்னால். அவள் இடது குதிகாலைச் சேற்றில் புதைத்தாள். கொக்கியை இத்தேலின் உடைவாள் வாரில் மாட்டினாள். கையால் இழுக்கவில்லை, மரம் கைவலிமைக்கு வராது. முதுகைப் பின்னால் சாய்த்து, தன் முழு எடையையும் புல்வெளியின் சரிவிடம் ஒப்படைத்தாள்.

இத்தேல் வந்தான். வேரறுந்த ஊசியிலை மரம் வருவதுபோல், முதலில் மெதுவாக, பிறகு மொத்தமாக.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஐயா இறங்கிட்டாருங்க!”

புல்வெளி சிரிப்பில் அதிர்ந்தது. பெர்ஷி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். வரிசையில் ஏழாவதாக நின்ற ஓவியர் லூக்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அவளுடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவதில் அவளைச் சிறையில் அடைத்தார்கள். கிழித்துவிட்டேன். அட்டை எழுதியவர்களுக்குப் பிடிக்கும் முடிவு அது.

இரண்டாவது என் மைத்துனி கோர்னேலியா கேட்டது. “அந்த இத்தேலுக்கே கட்டி வெச்சிடுங்களேன், அத்தான்! நல்லா இருக்கும்.” யாருக்கு நல்லா இருக்கும்? மேய்ச்சல் உரிமைக்காக நின்றவளுக்குக் கணவனைக் கொடுப்பது, வினாவுக்குத் தொடர்பில்லாத விடை. மதிப்பெண் கிடையாது.

மூன்றாவது நிற்கிறது:

இத்தேல் எழுந்தான். இறகிலிருந்து சேறு சொட்டியது. அறுந்த வாரைக் கையில் எடுத்துப் பார்த்தான். சோதனையைப் பதிவு செய்யும் எழுத்தர் இறகுப் பேனாவை உயர்த்தியபடி காத்திருந்தார்.

“யாரும்மா உனக்குக் கத்துக்கொடுத்தது?”

“மரங்க ஐயா.”

அவன் எழுத்தர் பக்கம் திரும்பினான். “எழுதுய்யா. அப்போலோனியா வீடு. ஆயுதம் இருக்கு. ஆளும் இருக்கு.” பிறகு, குரலைத் தாழ்த்தி: “குதிரையை யாராவது ஓட்டிட்டுப் போங்க. நான் நடந்தே வரேன்.”

ஜூன் மாதத்தில் ஏழு பசுக்கள் கழுத்துமணி குலுங்க மலையேறின. வேலிக்கதவைத் திறந்துவிட்டவன் பெர்ஷி. “எண்ணிட்டேன், ஏழு சரியா இருக்கு,” என்றான். “சத்தமா சொல்லு,” என்றாள் அவள். சொன்னான்.

6

பதவி முடிந்து போகும் அதிகாரி நகர்மன்றத்துக்கு ஒரு கண்ணாடிச் சித்திரம் கொடுப்பது இங்கே வழக்கம். மறு ஆண்டு இத்தேலும் கொடுத்தான். “வீரன் ஒருத்தனை வரையுங்க” என்று மட்டுமே லூக்ஸிடம் சொன்னான். லூக்ஸ் தாடி வைத்து வரைந்தார். ஒரு பெண்ணை ஆட்சியாளர்கள் மன்றச் சாளரத்தில் ஏற்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தாடியை நான் மறைக்கவில்லை. அட்டைக்காரர்கள் அதைச் சுட்டிக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் கொக்கியை முன்னால் வைத்தார்.

திறப்பு நாளன்று மன்றத்தார் அனைவரும் கூடி நிற்க, இத்தேல் நிமிர்ந்து பார்த்தான். கொக்கி திரும்பியிருக்கிறது என்று அவன் சொன்னால், அப்படிப் பிடித்ததை எங்கே பார்த்தோம் என்று மொத்த மன்றமும் நினைவுகூரும். சொல்லாவிட்டால், அவன் விழுந்த நாள் அவன் பெயரோடு காலமெல்லாம் ஒளிவிடும். அவன் வாயைத் திறந்தான்: “ஓவியரே, இது…”

இந்த வாக்கியத்தைப் பதினோரு முறை முடித்துப் பதினோரு முறை அடித்தேன். முற்றுப்பெறாத வாக்கியத்தை விட்டுச்செல்வது என் வாழ்நாளில் இதுவே முதல்முறை. ஏப்ரல் 2ஆம் நாள், அட்டையில் இருந்த “தவறாக” என்னும் சொல்லைச் சிவப்புப் பென்சிலால் அடித்தேன். “வாத்தியாரையா, இன்னொரு தடவை செஞ்சீங்கன்னா மாடிக்கு விடமாட்டேன்” என்றார் காவலர். என் பழைய மாணவர். இன்னொரு தடவையும் செய்தேன். அவர் சொன்னபடியே மாடிக்கு விடுவதில்லை. புதிய அட்டை ஒட்டியாயிற்று, அதே சொல்லோடு.

எனவே இனி உங்கள் வேலை. செவ்வாய் முதல் சனி வரை, பத்து முதல் நான்கு மணி வரை மன்றம் திறந்திருக்கும். மாடி ஏறுங்கள். கொக்கியைப் பார்க்க வேண்டா. அதை எல்லாரும் பார்க்கிறார்கள். வீரனுடைய இடது குதிகாலைப் பாருங்கள். அது மண்ணில் புதைந்திருக்கிறது. முதுகு பின்னால் சாய்ந்திருக்கிறது. வெட்டப்போகிறவன் அப்படி நிற்பானா? நீங்களே சொல்லுங்கள். சொன்ன பிறகு, இத்தேலின் வாக்கியத்தை முடித்து, வாசலில் உள்ள வருகையேட்டில் உங்கள் பெயரோடு எழுதுங்கள். அட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

சிவப்புப் பென்சிலை மறக்காமல் கொண்டுபோங்கள்.