சின்ன அளவு முட்டி

செயற்கை முட்டியில் உலோகத்துக்கு நடுவே வைக்கும் பிளாஸ்டிக் தட்டு என் ஆயுசுக்கும் உழைக்கும் என்றார் டாக்டர் டோர்ஸ்டன். நம்பி முட்டியைக் கொடுத்தேன். மூன்றே வருஷத்தில் படி இறங்கினால் நறநறவென்றது. திறந்து பார்த்துவிடலாம் என்றார்.

ஆபரேஷன் அன்று காலை பக்கத்துக் கட்டில் ஹில்மா என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் போன வாரம்தான் முட்டி மாற்றியிருந்தார்கள். எங்கள் போரோஸ் ஊரில் பெண்களும் நெட்டைதான். அந்த வார்டில் குள்ளிகள் நாங்கள் இருவர் மட்டுமே.

"நமக்கெல்லாம் பொம்மை சைஸுடி சிக்னே. நீ பொம்மையையும் ஒடைச்சிட்ட," என்றாள். நடுக்கோடைத் திருவிழாவில் தான் ஆடத்தான் போகிறாளாம்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க ஊசி போட்டார்கள். குறுக்கே கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் விழித்துக் கிடந்தேன். அந்தப் பக்கம் டோர்ஸ்டன் வழக்கம்போல மீன் பிடித்த கதை அளந்துகொண்டிருந்தார். சட்டென்று பேச்சு நின்றது.

காட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கித் திரைக்கு மேலே தூக்கிக் காட்டினார். தட்டு இரண்டாகப் பிளந்து, ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது.

அடுத்ததை எடுத்துவரச் சொன்னார். நர்ஸ் பெரிட் பெட்டியோடு வந்தாள். அது எப்போது வந்த சரக்கு என்று கேட்டேன்.

"உங்களுக்குப் போட்டதோட வந்ததுதான். இந்த அளவு யாருக்கு வேணும்? அலமாரியிலயே கெடந்துச்சு. சீல் பிரிக்கல, கெடாது."

எதையும் வீணாக்காத ஜனம் நாங்கள். சீல் பிரிக்காதது எத்தனை வருஷமானாலும் எங்களுக்குப் புதுசுதான்.

"டோர்ஸ்டன், அதைத் தட்டிப் பாருங்க," என்றேன்.

எஃகுத் தட்டில் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. காய்ந்த ரொட்டியாக நொறுங்கியது.

"கிருமி சாகக் கதிர் பாய்ச்சுவாங்க," என்றார் டோர்ஸ்டன். "அப்புறம் பெட்டிக்குள்ள இருந்த காத்தே பிளாஸ்டிக்க உள்ளுக்குள்ள அரிச்சிருக்கு. இப்படி ஆகும்னு எங்கயோ சொன்னாங்க. நான் நம்பல."

நல்ல சரக்கு வரும்வரை என்னைத் தைத்து மூடினார்கள். அலமாரியில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று டோர்ஸ்டன் கேட்டார்.

"மூணுதான் வந்துச்சு. ஒண்ணு இவங்களுக்கு, ஒண்ணு இது, மூணாவது போன வாரம்..." பெரிட் வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வார்டுக்கு என் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் ஹில்மா நின்றிருந்தாள், இரண்டு கையையும் விரித்து.

"பாத்தியா, கோல் இல்லாம நிக்கிறேன்," என்று ஒரு காலைத் தூக்கி எங்களை நோக்கி வைத்தாள்.