ஸ்டான் மறைத்த மஞ்சள் புல்

இங்கிலாந்தின் சஃபோக்கில் ஹெல்மிங்கோ கிராமத்தின் கிரிக்கெட் மைதானத்துக்கு அடியில்தான், தொலைந்துபோன பழைய தேவாலயம் புதைந்திருக்கிறது என்று பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லி டோரீன் வாங்காத பேச்சில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று வரலாற்றுச் சங்கத் தலைவர் லியோனல் முகத்துக்கு நேரே கேட்டவர். தேவாலயம் மதுக்கடைக்குப் பின்னால் என்பது அவர் கட்சி. சங்கத்தால் ஒரே ஒரு குழிதான் தோண்ட முடியும். எங்கே என்று அன்று மாலைக் கூட்டத்தில் முடிவாகிவிடும்.

டோரீன் வெயிலைத்தான் நம்பியிருந்தாள். புதைந்த சுவர் இருந்தால் அதன் மேல் புல் முதலில் காயும். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. போய்ப் பார்த்தால் மைதானம் பச்சைப் பசேலென்று கிடந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மைதானத்தைப் பராமரிக்கும் ஸ்டான் பூவாளியோடு எதிரே வந்தார்.

"குழாய்ல தண்ணி விடக்கூடாதுன்னு தடை போட்டிருக்காங்களே, ஸ்டான்?"

"குழாய் எங்க இருக்கு? பூவாளிதான். அதுவும் எல்லா இடத்துக்கும் இல்ல."

"பின்ன?"

ஸ்டான் முகம் சிவந்தது. "வெளிய சொல்லிடாதீங்க. வருஷா வருஷம் சில இடம் மட்டும் மஞ்சளாயிடுது. வெளியூர் டீம் பார்த்தா மானம் போயிடும். காலங்காத்தால அங்க மட்டும் ஊத்திடுவேன்."

டோரீன் ஓரடி முன்னால் வந்தாள். "எந்தெந்த இடம்னு ஞாபகம் இருக்கா?"

"இருபத்தாறு வருஷமா ஒரு நோட்டுல வரைஞ்சு வெச்சிருக்கேன். வடிகால்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

அவர் எடுத்து வந்த நோட்டை டோரீன் பிரித்தாள். எந்த வருடத்தைப் புரட்டினாலும் அதே இரண்டு நீளக் கோடுகள், கிழக்கே அரைவட்டமாக முடிந்தன. பழைய தேவாலயங்களின் கிழக்குச் சுவர் அப்படித்தான் வளைந்திருக்கும்.

மாலைக் கூட்டத்துக்கு ஸ்டானே கொண்டுவந்த நோட்டை லியோனல் கண்ணாடி போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். எல்லாக் கையும் மைதானத்துக்கே உயர்ந்தது, கடைசியில் அவருடையதும்.

புல்தரையை வேறு யாரையும் தொடவிடாமல் ஸ்டானே பெயர்த்தெடுத்தார். முழங்கால் ஆழத்தில் சுண்ணாம்பு பூசிய கல்சுவர், நோட்டில் இருந்த அதே வளைவோடு வெளிப்பட்டது. டோரீன் மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"உங்க பஸ் சரியான ஸ்டாப்லதான் நின்னிருக்கு," என்றார் லியோனல்.

அதற்குப் பிறகு ஸ்டான் பூவாளியைத் தொடவில்லை. பத்து நாளில் தேவாலயம் முழுதாகப் புல்லில் மஞ்சளாக எழுந்து வந்தது. ஆட வந்த வெளியூர் கேப்டன் முகம் சுளித்தார்.

"என்னங்க, புல்லு இப்படிக் கெட்டுக் கெடக்கு?"

"பார்த்து நடங்க," என்றார் ஸ்டான். "நீங்க நிக்கிறது எங்க தேவாலயத்து வாசல்."