பட்டன் இல்லாத கால்குலேட்டர்

எங்கள் ஆசிரியை ஒக்ஸானா, நாங்கள் ஜாவாவில் எழுதிய கால்குலேட்டரை ஓடவிட்டாள். திரையின் நடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து நின்றது. அதன் தலையில் என் பெயரும் வேட்டின் பெயரும் இருந்தன. மற்றபடி ஒரு மண்ணும் இல்லை. ஏழு இல்லை, எட்டு இல்லை, கூட்டல் குறி கூட இல்லை.

"பட்டன்லாம் எங்க, டார்லீன்?"

வாய் முந்திக்கொண்டது.

"எங்க வீட்டுல நல்லா ஓடுச்சே!"

வகுப்பே ஓவென்று கத்தியது. அந்த வாக்கியத்தை ஒக்ஸானாவின் லேபில் யாரும் சொல்லக்கூடாது. சொன்னவர் அடுத்த வகுப்புக்கு எல்லோருக்கும் பெர்ஷன் பன் வாங்கி வரவேண்டும். அந்த பன்னுக்குப் பேர்போன தண்டர் பே ஊரில் பிறந்தவள் நான், தலையில் ரோஸ் கிரீம் பூசிய அந்த பன்னுக்காக உயிரையே விடுவேன். ஆனால் அந்த நேரத்தில் அதன் பெயரைக் கேட்டாலே குமட்டியது.

பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். பின்சீட்டில் பூட்ஸ் வீசி விளையாடும் வாண்டுகளைக் கண்ணாடியில் ஒரு முறை முறைத்தே அடக்குவேன். முதுகு மக்கர் செய்ததும் டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடாதே என்றுவிட்டார். கல்லூரிக்கு வந்தேன். போன தடவை இந்த ஜாவா புரோகிராமிங் பாடத்தில் கோட்டை விட்டேன். இந்த கால்குலேட்டர்தான் இந்தத் தடவை கடைசித் தேர்வு. இரண்டாவது தடவையும் விட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், அதுதான் இங்கே சட்டம். அப்புறம் எனக்கு பஸ்ஸும் இல்லை, படிப்பும் இல்லை.

வேட் பெல்டியே என்பவன்தான் என் ஜோடி. பேப்பர் மில்லை மூடியதும் படிக்க வந்தவன். கணக்குப் போடுகிற பகுதியை அவன் எழுதினான், திரையில் தெரிகிற பெட்டியும் பட்டன்களும் என் வேலை. ஆக, காணாமல் போனது என் பங்குதான்.

"அடுத்த ஜோடியப் பாத்துட்டு வரேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க. அவ்வளவுதான் என்னால முடியும்," என்றாள் ஒக்ஸானா. என்னைவிடச் சின்னவள். ஆனால் நல்லவள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நானும் வேட்டும் மூலை மெஷினில் போய் உட்கார்ந்தோம். வழக்கம்போல மவுஸை நானே பிடித்தேன். கண்ணில் நீர் முட்டியது.

"அழுவாத தாயி. மூக்கு ஒழுகி கீபோர்டு கெட்டுடும்," என்றான் வேட்.

"வாய மூடு. உனக்கென்ன, நீ மொத தடவ."

"நீ போனா யாரு எனக்கு காப்பி வாங்கித் தருவா? ஓட்டு, பாப்போம்."

ஓட்டினேன். பெட்டி வந்தது. நொடியில் எல்லாப் பட்டன்களும் பளிச்சென்று வந்து உட்கார்ந்தன. எனக்கு அழுகையை மீறிக் கோபம் வந்தது. அவள் கண்ணுக்கு மட்டும் தெரியமாட்டேன் என்கிறதே, என்ன திமிர் இதற்கு?

வேட் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்? ஓட்டினேன்."

"இல்ல. ஓட்டினதும் எதையோ அமுக்கின."

"பெருசாக்கினேன். திரை முழுக்க. அதுக்கென்ன?"

"ஏன்?"

"பொடி எழுத்து தெரியலடா! போதுமா?"

கண்ணாடி போடச் சொல்லிப் பல காலமாக எல்லோரும் நச்சரிக்கிறார்கள். போட்டால் கிழவி மாதிரி இருக்கும் என்று நான்தான் தட்டிக்கழித்து வந்தேன். அதனால் எது திறந்தாலும் யோசிக்காமல் அதைப் பெரிதாக்கிவிடுவது என் கைக்குப் பழகிப்போயிருந்தது.

"மறுபடி ஓட்டு. இந்தத் தடவ மவுஸ எங்கிட்ட குடு. இத்தன மாசத்துல ஒரு நாளாச்சும் தந்திருக்கியா நீ?"

கொடுத்தேன். ஓட்டினான். வெறும் சாம்பல் நிறப் பெட்டி. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துத் துளி இழுத்தான். பட்டன்கள் வந்துவிட்டன.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு நான் எழுதிய வரிகளை மேலிருந்து படித்தோம். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவன் சத்தமாக. பெட்டியைத் திரையில் காட்டு என்கிற வரியை முதலில் எழுதி, பட்டன்களை அதற்குப் பிறகு வரிசையாகச் சேர்த்திருந்தேன். காலிப் பெட்டியைக் காட்டிவிட்ட பிறகுதான் பட்டன்கள் வந்து சேர்ந்தன. அளவு மாறும்போதுதான் ஜாவா உள்ளே இருப்பதை மறுபடி அடுக்குகிறது. நான் ஒவ்வொரு முறையும் பெரிதாக்கியதால் தப்பு என் கண்ணிலேயே படவில்லை.

"பிள்ளைங்க ஏறுறதுக்கு முன்னாடியே பஸ்ஸ எடுத்துட்ட, டார்லீன்!"

"என் சர்வீஸ்ல ஒரு நாளும் அப்படி எடுத்ததில்ல!"

அந்த ஒரு வரியை வெட்டிக் கடைசியில் ஒட்டினேன். ஓட்டிவிட்டு, எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும்படி வேட்டிடம் சொன்னேன். பட்டன்கள் அத்தனையும் ஒழுங்காக வந்து நின்றன.

ஒக்ஸானா திரும்பி வந்து தன் மெஷினில் ஓட்டினாள். பட்டன்கள் வந்தன. ஏழையும் எட்டையும் கூட்டினாள், பதினைந்து. பிறகு எல்லோருக்கும் வைக்கிற பொறியை வைத்தாள். ஒன்பதைப் பூஜ்யத்தால் வகுத்தாள். திரையில் நான் எழுதிவைத்த வரி வந்தது: "உட்காரு. நீ உட்காராம பஸ் நகராது."

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"என்ன கோளாறு இருந்துச்சு?"

வேட் என்னைப் பார்த்தான். காட்டிக்கொடுக்க மாட்டான் என்று தெரியும். நானே சொன்னேன், கண் கதை உட்பட.

"ரெண்டு பேரும் பாஸ்," என்றாள். "பெர்ஷன் பாக்கி இருக்கு. கண்ணாடியும்."

பார்க்கிங்கில் பனி சேறாகிக் கிடந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அப்படி ஒரு நிம்மதி, முதுகுவலி கூட ஞாபகத்துக்கு வரவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு நேராக பேக்கரிக்குப் போனேன்.

சுவரில் பெரிய பலகை, அதில் பொடி எழுத்தில் பண்டங்களின் பட்டியல் இருந்தது. வழக்கமாக அதைப் படிக்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, எப்போதும் வாங்குவதையே வாங்கி வருவேன். அன்றைக்கு கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன்:

"எனக்குக் கண்ணு தெரியலம்மா. அதுல என்னென்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு."