படகுக்காரிகளின் ஆட்டம்

“பொம்பளைங்க துடுப்பு வலிச்சா ஊரே சிரிக்கும். அந்தக் கறுப்புப் போர்வை ஆட்டம் இருக்கே, அதை ஆடுங்க. பார்க்கவும் லட்சணமா இருக்கும், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க” என்றார் உஸ்தாத் மித்ஹத்.

போர்ட் சயீத் துறைமுக ஊரில், கப்பல்கள் போகும் கால்வாய்க் கரையோரம் இருந்த அந்தக் கலை மன்றத்துக்கு அவர்தான் இயக்குநர். எதிரே நின்றிருந்த இன்ஷிராஹ் அங்கே பெண்களுக்கு நாட்டுப்புற ஆட்டம் சொல்லிக் கொடுப்பவள். வசந்தத் திருநாள் மேடைக்காக அவள் குளிர்காலம் முழுக்கத் தன் பெண்களைத் தயார் செய்திருந்தாள். பெண்கள் கறுப்புப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நளினமாக ஆடும் போர்வை ஆட்டம் அல்ல, பம்பூத்தி ஆட்டம். கால்வாயில் வந்து நிற்கும் கப்பல்களை நோக்கிச் சின்னப் படகில் போய், மாலுமிகளிடம் தோல் பையும் பொம்மை ஒட்டகமும் விற்றுப் பிழைத்தவர்களைத்தான் அந்த ஊரில் பம்பூத்திகள் என்பார்கள். அவர்கள் துடுப்பு வலித்த விதம், கயிறு வீசிய விதம், போலீஸைக் கண்டதும் சரக்கை இடுப்புக்குப் பின்னால் ஒளித்த விதம், எல்லாம் சேர்ந்து ஆட்டமாகியிருந்தது. ஊரில் கல்யாணமென்றால் அந்த ஆட்டம் இல்லாமல் முடியாது. ஆனால் ஆடுவது ஆண்கள்தான்.

“நாங்க போர்வை ஆட்டம் ஆடப் போறதில்லைங்க” என்றாள் இன்ஷிராஹ்.

“அப்போ நீங்க மேடையேறப் போறதில்லை.”

“சரிங்க.”

இவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. “என்ன சரி?” என்றார்.

“மேடை வேண்டாம்னேன். ஆட மாட்டோம்னு சொல்லலியே.”

மறுநாள் ஒத்திகைக் கூடத்துக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

அன்று சாயங்காலமே இன்ஷிராஹ் தன் அண்ணன் ஷஹாத்தாவைத் தேடிக்கொண்டு காபிக்கடைக்குப் போனாள். சிம்சிமியா வாசிப்பதில் ஷஹாத்தாவுக்கு அந்தப் பேட்டையில் பெரிய பெயர். மடியில் வைத்து மீட்டும் அந்தச் சின்ன யாழை அவன் தட்டினால் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் தோளும் குலுங்கும். மன்றத்து இசைக்குழுவை மித்ஹத் கையில் வைத்துக்கொண்டதால், இனி அண்ணன் ஒருவன்தான் அவளுக்குக் கதி.

கடைக்கு வெளியே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஆறேழு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வருவதைப் பார்த்ததுமே ஷஹாத்தாவின் முகம் சுண்டிப்போயிற்று.

“அண்ணே, வர்ற திங்கக்கிழமை எங்களுக்கு வாசிக்கணும்.”

“மித்ஹத் எல்லாம் சொன்னார். வீட்டுல பேசிக்கலாம், நீ போ.”

“வீட்டுக்கு வந்தா நீ தூங்கறேங்கறா அண்ணி.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அது ஷஹாத்தாவுக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. “ஆம்பளைங்க ஆட்டத்தை எடுத்துக்கிட்டு நீங்க கூத்தடிப்பீங்க, நான் அதுக்கு ஒத்து ஊதணுமா? நாளைக்கு இந்தக் கடையில நான் உக்கார வேண்டாம்?”

பக்கத்தில் ஹுக்கா இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் சமாதானம் செய்கிற குரலில் சொன்னார்: “தங்கச்சி, நீயே சொல்லு. இந்த ஊர்ல எந்தப் பொம்பளையாவது படகு வலிச்சுக் கப்பலுக்குப் போயிருக்காளா? ஒரே ஒரு பேரு சொல்லு, நானே வந்து உங்களுக்குத் தாளம் போடறேன்.”

பெயர் இன்ஷிராஹின் நாக்கு நுனியில் இருந்தது. அவளுடைய அம்மாவின் பெயர்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு குளிர்காலத்தில், கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் அகப்பட்டு அப்பாவின் கை நசுங்கிவிட்டது. கை கூடிவரும்வரை அம்மாதான் படகை எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவின் கோட்டு, அப்பாவின் கம்பளித் தொப்பி, அதற்குள் முக்காடு. கூடையைப் பிடித்துக்கொள்ள இன்ஷிராஹ் முன்னால் உட்கார்ந்திருப்பாள். மாலுமிகள் அம்மாவை “கேப்டன்!” என்று கூப்பிட்டுப் பேரம் பேசினார்கள். அந்த வருமானத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் விஷயம் எப்படியோ பள்ளிக்கூடத்துக்கு எட்டிவிட்டது. “உங்கம்மாவுக்கு மீசை மொளைச்சிடுச்சாடா?” என்று பையன்கள் ஷஹாத்தாவைத் துரத்தித் துரத்திக் கேட்டார்கள். அவன் மூக்கு உடைந்து வீட்டுக்கு வந்த நாட்களும் உண்டு. அதன்பிறகு அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது அவள் அவனைப் பார்த்தாள். தந்திகள்மேல் வைத்த அவன் விரல்கள் அசையவில்லை. எங்கே சொல்லிவிடுவாளோ என்று அவன் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“பேரு சொல்றதுக்கு இல்லீங்க. வர்ற திங்கக்கிழமை பத்துப் பேரைக் காட்டறேன், பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு இன்ஷிராஹ் திரும்பி நடந்தாள்.

ஒத்திகை உம்மு ரஜபின் வீட்டு மொட்டை மாடிக்கு மாறியது. மீன் பொரித்து விற்கும் உம்மு ரஜப் அந்தக் குழுவிலேயே பருத்த உடம்புக்காரி, அந்தக் குழுவிலேயே காலில் வேகம் உள்ளவளும் அவள்தான். புறாக்கூண்டுக்கும் டிஷ் ஆன்டெனாக்களுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் பத்துப் பெண்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். எல்லாரும் இருந்தார்கள், பாட்டு மட்டும் இல்லை.

“போன்ல போட்டு விட்டுடலாமா?” என்றாள் ஒருத்தி.

“போன்ல வர்ற பாட்டு நம்ம மூச்சுக்குக் காத்திருக்காது” என்றாள் இன்ஷிராஹ்.

அப்போது நெர்மீன் வாயைத் திறந்தாள். கெய்ரோவில் நவீன நடனம் படித்துவிட்டு வந்து, அதே மன்றத்தில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். இன்ஷிராஹுக்கும் அவளுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். இவள் ஆட்டத்தைச் சந்தைக் கூச்சல் என்று அவளும், அவள் ஆட்டத்தைக் காய்ச்சல்காரி புரள்வது என்று இவளும் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் பூட்டுத் தொங்கிய பிறகு, தன் வகுப்பை நிறுத்திவிட்டு இவர்களோடு மாடியேறி வந்தவள் நெர்மீன் ஒருத்திதான்.

“பாட்டே இல்லாம ஆடலாம்க்கா.”

“பாட்டு இல்லாம ஆடறதுக்கு என்ன எழவா விழுந்திருக்கு?”

“கேளுங்கக்கா. துடுப்பு வலிக்கறவனுக்கு யாரு பாட்டு வாசிச்சா? அவன் மூச்சுதானே தாளம்? பத்துப் பேரும் ஒண்ணா இழுத்து ஒண்ணா விட்டா அதுவே சத்தம். அதுக்கு மேல கரண்டி தட்டிக்குங்க.”

இன்ஷிராஹ் கண்ணை மூடிக்கொண்டு படகில் நிற்பவள்போல ஒருமுறை வலித்துப் பார்த்தாள். உடனே அவளுக்கே ஏதோ உறைத்தது. இத்தனை நாள் ஆண்கள் ஆடுவதுபோலவே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பார்க்கிறவர்களுக்காக வலித்திருக்கிறாள். அம்மா அப்படி வலித்ததில்லை. அம்மா குள்ளம். முழங்காலைப் பலகையில் முட்டுக் கொடுத்து, குட்டை குட்டையாக இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் “ஹும்” என்று மூச்சு விடுவாள்.

“எல்லாரும் பாருங்கடி. இப்படி. முட்டியை ஊணிக்க. யாரும் பார்க்கலைன்னு நெனச்சுக்கிட்டு இழு” என்றாள்.

மூன்றாவது நாள் சாயங்காலம் அந்த மூச்சு ஒன்றாகச் சேர்ந்தது. புறாக்கள் கூண்டுக்குள் படபடத்தன. கீழ் வீட்டுக்காரி மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்காவது பிரசவமோன்னு ஓடி வந்தேன்” என்றாள்.

திங்கட்கிழமை வசந்தத் திருநாள். ஊரே உப்பு மீனும் பச்சை வெங்காயமும் சாயம் பூசிய முட்டையுமாகக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு, அக்கரையில் இருக்கும் போர்ட் ஃபுவாதின் தோட்டங்களுக்குக் கிளம்பியது. எல்லாரும் ஏறியாக வேண்டிய இடம் ஃபெரி படகு. இன்ஷிராஹ் அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள்.

முதல் பயணம் படுதோல்வி. என்ஜின் இரைச்சலில் மூச்சும் கேட்கவில்லை, கரண்டியும் கேட்கவில்லை. முன் வரிசை இழுக்கும்போது பின் வரிசை விட்டது. “கேப்டன், படகு ரெண்டு பக்கமும் போகுது!” என்று மேல்தளத்திலிருந்து ஒரு பையன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். காருக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு மீசைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இவங்க வீட்டுல ஆம்பளைங்களே இல்லையா?” என்றார்.

“இருக்கார். வீட்டுல மீன் கழுவறார். நீங்களும் போய்க் கழுவுங்க” என்றாள் உம்மு ரஜப்.

அக்கரை வந்ததும் இரண்டு பெண்கள் அழுதபடியே இறங்கப் பார்த்தார்கள். இன்ஷிராஹ் வழியை மறித்து நின்றாள். “அழறதுன்னா ஆடிக்கிட்டே அழுங்க. இறங்கற வேலை வேண்டாம். இந்தப் படகு சாயங்காலம் வரைக்கும் போகும். நாமளும் போவோம்.”

நெர்மீன் இதற்குள் குனிந்து கீழ்த்தளத்தின் இரும்புத் தகட்டைக் குதிகாலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, மூச்சுத் தாளத்தை விட்டுடுங்க. இது நல்லா கத்துது. இழுக்கறப்போ குதிகாலை அடிங்க.”

“நம்ம ஆட்டத்துல குதிகால் அடி கிடையாது.”

“இன்னிக்கு இருக்கட்டும்க்கா.”

இன்ஷிராஹ் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு தலையாட்டினாள்.

திரும்பும் பயணத்தில் பத்துக் குதிகால்கள் ஒரே நேரத்தில் இரும்பில் விழுந்தன. என்ஜின் சத்தத்தை அது அமுக்கிவிட்டது. பேச்சு நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். துடுப்பு முடிந்து கயிறு வீசினார்கள். அடுத்து பேரம். இன்ஷிராஹ் இல்லாத கூடையிலிருந்து இல்லாத ஒட்டகத்தை எடுத்து மேலே நீட்டினாள். அங்கே மாலுமியாக நிற்க யாருமில்லை. மேடையாக இருந்தால் இன்னொரு வரிசை நின்றிருக்கும். ஒரு கணம் அவள் கை அந்தரத்தில் நின்றது.

“எவ்வளவு கேப்டன்?” என்று மேல்தளத்திலிருந்து ஒரு தாத்தா குனிந்து கேட்டார்.

உம்மு ரஜப் ஒரு நொடி வீணாக்கவில்லை. பாதி இத்தாலியன், பாதி கிரேக்கம், மீதி தன் மீன் கடைப் பாஷை என்று கலந்து கட்டி ஒரு விலை சொன்னாள். தாத்தா அதைவிட மோசமான இங்கிலீஷில் திருப்பிப் பேசினார். மேல்தளம் முழுவதும் விலை கேட்க ஆரம்பித்தது. கடைசியில் அந்த ஒட்டகம் ஒரு கட்டு பச்சை வெங்காயத்துக்கு விலை போயிற்று. வெங்காயம் மேலேயிருந்து பறந்து வந்தது, உம்மு ரஜப் அதை ஆடிக்கொண்டே பிடித்தாள். கைதட்டல் தானாகத் தாளத்தில் விழுந்தது. கூட்டத்தில் இரண்டு அம்மாக்களும் ஒரு கல்லூரிப் பெண்ணும் வரிசையில் வந்து சேர்ந்து, தெரிந்தமட்டும் வலித்தார்கள். மீசைக்காரர் மட்டும் கடைசிவரை திரும்பவில்லை. ஆனால் இறங்கும்போது அவர் மனைவி இன்ஷிராஹின் கையை இறுக்கிப் பிடித்து விட்டுப் போனாள்.

அடுத்த பயணத்தில் ஷஹாத்தா ஏறினான். மனைவி, பிள்ளைகள், உப்பு மீன் கூடை. ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தான். இன்ஷிராஹ் முழங்காலை ஊன்றிக் குட்டை குட்டையாக இழுத்தபோது அவன் சட்டென்று கம்பியைப் பிடித்துக்கொண்டதை அவள் கவனித்தாள். அது யாருடைய இழுப்பு என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் அவன் பக்கத்தில் வந்தான்.

“அன்னிக்குக் கடையில நீ சொல்லியிருக்கலாம்” என்றான்.

“சொல்லியிருக்கலாம்.”

“ஏன் சொல்லலை?”

“அதை நீ சொல்லணும்ண்ணே. நான் சொன்னா உன்னை அடிச்ச மாதிரி இருக்கும்.”

அவன் தொண்டையைச் செருமினான். பிறகு சண்டைக் குரலுக்கு மாறினான்: “கயிறு வீசற எடத்துல ஏன் இப்படி ஓடறீங்க? இந்த வேகத்துக்கு எவன் வாசிப்பான்?”

“நீதான். புதன்கிழமை அஞ்சு மணிக்கு, உம்மு ரஜப் மாடியில.”

“நான் வர்றேன்னு சொல்லலை.”

“நானும் கேக்கலை. நேரத்தைச் சொன்னேன்.”

அந்த வாரமே மித்ஹத் ஆள் அனுப்பினார். ஃபெரியில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்தைத் திறந்து விடுகிறேன், கோடை விழாவில் இடம் தருகிறேன், ஆனால் கூடவே போர்வை ஆட்டமும் வேண்டும் என்றார். கூடத்தின் சாவியை வாங்கிக்கொண்டாள் இன்ஷிராஹ். போர்வை ஆட்டத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டாள். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

ஷஹாத்தா புதன்கிழமை வந்தான். அடுத்த வீட்டுப் பெண்கள் ஆடுவதைப் பார்த்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தான். சுவருக்கு வாசிக்கிறவனோடு பத்துப் பெண்கள் எப்படிச் சேர்ந்து ஆடுவது? தாளம் ஒரு பக்கம் போக, கால் ஒரு பக்கம் போயிற்று. குதிகால் அடியை எங்கே சேர்ப்பது என்று நெர்மீனும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கத்திச் சண்டை போட்டார்கள். இரண்டு ஒத்திகை இப்படியே வீணாயிற்று. மூன்றாவது ஒத்திகையில் கயிறு வீசும் இடம் மறுபடி தவறியபோது, ஷஹாத்தா எரிச்சலோடு தந்தியை அமுக்கி நிறுத்தினான். எழுந்து நாற்காலியைத் தூக்கி, அவர்களைப் பார்த்தபடி ‘டக்’கென்று போட்டான்.

“யாரும்மா அது, பின்னாடி வலது பக்கம்? நீங்க முந்தறீங்க” என்றான்.

“நான்தான்” என்றாள் உம்மு ரஜப். “பசிக்குது, அதான்.”

“முதல்லேருந்து” என்றாள் இன்ஷிராஹ்.