ஐந்தாவது துளை

மாநாட்டின் முதல் நாள், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு நிலவியலாளர்கள் பத்துப் பேர் திருவொற்றியூர்க் கல்லூரி மாடியில் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. இங்கே பேசுவது வெளியே போகக்கூடாது என்பது ஒன்றுதான் விதி. வட்டத்தை நடத்திய ரமாபாய் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வட்டத்தில் இருந்த டெபோரா வடசென்னைக் கல்மண்டபத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கத்து நாற்காலியில் அமான். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது வரதனிடம் வேலை பார்க்கிறான். வரதன் முப்பத்தைந்து வருடமாகக் கடற்கரை மண்ணைச் சோதித்துச் சான்று கொடுப்பவர். முகத்துவாரக்குப்பத்து மீனவர்களுக்கு வரப்போகிற நான்கு மாடிக் குடியிருப்புக்கும் மண் அறிக்கை அவருடையதுதான். ஐந்து இடங்களில் ஆழத் துளை போட்டு மண் எடுத்துப் பார்த்ததாக அதில் எழுதியிருந்தார். டெபோரா அதை இரண்டு முறை படித்திருந்தாள்.

"சார், அதுல நாலாவது துளையும் அஞ்சாவது துளையும் அச்சு அசலா ஒண்ணாவே இருக்கு. ரெண்டுலயும் ஆறு மீட்டர்ல கெட்டிக் களிமண். முகத்துவாரத்துல நூத்தம்பது மீட்டர் தள்ளிப் போனா மண்ணு மாறாதா?"

வரதன் டீயை ஒரு வாய் குடித்தார். "அஞ்சாவது போடவே இல்லம்மா. மழையில துளை போடுற ரிக் வண்டி புதைஞ்சுபோச்சு. நாலாவதையே எழுதிட்டோம்." சுற்றிலும் பார்த்தார். "இதைச் செய்யாதவங்க இங்க யாராச்சும் இருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்த எடத்துலதான் சார் ரெண்டு பிளாக் வருது."

"உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் மண்ணு பார்க்க வந்துட்டேன்."

"அதுக்கும் களிமண்ணுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

வீட்டில் பேசுகிற பேச்சு வாயில் வந்துவிட்டது. எதிரே இருந்தவர் "இன்னா" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் சிரிப்பு. ரமாபாய் கையைத் தட்டி அடுத்த விஷயத்துக்குப் போனார்.

மறுநாள் காலை பெரிய அரங்கில் வரதன் அதே குடியிருப்பைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். திரையில் ஐந்து துளைகளும் இருந்தன. கேள்வி நேரத்தில் டெபோரா மைக்கை வாங்கினாள்.

"அஞ்சாவது துளை போடலைன்னு நேத்து நீங்களே சொன்னீங்க. அப்ப திரையில இருக்கறது எங்க எடுத்த மண்ணு?"

"நான் அப்படி எதுவும் சொல்லல," என்றார் வரதன்.

முன்வரிசையிலிருந்து ரமாபாய் எழுந்தார். "நாலு பேர் நம்பிக்கையா பேசுனதை மேடைக்குக் கொண்டு வர்றவங்களை இனிமே யாரும் பக்கத்துல உக்கார வெக்க மாட்டாங்க."

டெபோரா திரும்பினாள். "அமான், நீ என் பக்கத்துலதானே இருந்தே. சொல்லு."

அமான் மடியில் இருந்த பையைப் பார்த்தான். "நான் அப்ப டீ எடுக்கப் போயிருந்தேன்."

மைக்கை அணைத்துவிட்டார்கள்.

வெளியே மாடிப்படியில் அவனை மறித்தாள். "கேட்டுகினுதானே இருந்தே?"

"கேட்டேன். எனக்கு வூட்ல ரெண்டு பொண்ணு கீது. நாளைக்கு நீ சோறு போடுவியா?"

"அந்தக் கட்டடம் சாஞ்சா உள்ளயும் பொண்ணுங்க இருக்கும்."

"இனிமே உனக்கு எவனும் வேலை குடுக்க மாட்டான், டெபோரா. எங்க சாரே எல்லாருக்கும் போன் பண்ணுவாரு." அவளைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

டெபோரா அழவில்லை. அன்று மாலையே குடியிருப்பைக் கட்டும் அரசு அலுவலகத்துக்குத் தன் பெயர் போட்டுக் கடிதம் எழுதினாள். ஒரே ஒரு கேள்விதான்: துளையிலிருந்து எடுத்த மண்ணைப் பெட்டியில் போட்டு வைத்திருக்க வேண்டும், ஐந்தாவது பெட்டி எங்கே?

பெட்டி இல்லை. இரண்டு மாதம் கழித்து அதிகாரிகள் வேறு ரிக் கொண்டுவந்து அந்த இடத்தில் துளை போட்டார்கள். டெபோரா வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். ஆறு மீட்டரில் களிமண் வரவில்லை. பதினோரு மீட்டர் வரைக்கும் தண்ணீரோடு கொழகொழவென்று மணல்தான் வந்தது. மறுவாரம், அப்போதுதான் தொடங்கியிருந்த கட்டட வேலையை நிறுத்தினார்கள். அதற்குள் அவள் வேலை கேட்டிருந்த இரண்டு நிறுவனங்கள் நேர்காணலுக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தன.

குப்பத்துக்குத் தானே போய் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வீடு கிடைக்கப்போகிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் கெங்கம்மா. அவள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போன புயலில் அவள் வீட்டின் பின்சுவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. அந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தாள்.

"நீதானா அது, எழுதிப் போட்டவ?"

"ஆமாக்கா. அடியில மணலு. அப்படியே கட்டியிருந்தா சாஞ்சிருக்கும். இன்னும் ஆழமா பில்லர் போட்டுக் கட்டலாம். ஒரு வருசம், மிஞ்சிப் போனா ஒண்ணரை வருசம்."

"பத்து வர்சமா வூடு வர்து வர்துன்னு காத்துகினு கீறோம். இப்பதான் செவுரு எழும்ப வந்துச்சு. அதையும் நிறுத்திட்டே."

"உங்க நல்லதுக்குத்தான்க்கா."

"இந்த வூடு இன்னொரு மழை தாங்குமா? அத்த எழுதினியா உன் லெட்டர்ல?"

டெபோரா அதை எழுதியிருக்கவில்லை. கெங்கம்மா மீன் கழுவிய தண்ணீரை டெபோராவின் செருப்பு நனையக் கொட்டிவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.