அடிச்சட்டத்தில் இருந்த எண்

"போயிடுச்சுண்ணா... நம்பரே போயிடுச்சு!"

கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, இரும்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள் அவள். துடைத்தால் திரும்பி வந்துவிடும் என்பதுபோல.

"எந்த நம்பர்? லாட்டரியா?" அண்ணன் சிரித்தான்.

"விளையாடாதண்ணா. இன்ஜின் நம்பர். அடிச்சட்டத்துல அடிச்சிருந்தது. மெஷின் வச்சுத் தேய்ச்சேன், வழவழன்னு ஆயிடுச்சு."

சிரிப்பு நின்றது.

பட்டறையில் அவளும் அந்தக் குட்டி நீராவி இன்ஜினும் மட்டும்தான். தண்ணீர்த் தொட்டிகளை இரண்டு விலாவிலும் கட்டிச் சுமக்கும் ரகம். பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் 'குண்டு வாத்து'. அச்சு அசலாகப் பதினொன்று செய்தார்கள். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை இழுத்து ஓய்ந்தபின் பத்தை உடைத்துப் போட்டார்கள். மிஞ்சியது ஒன்பதாம் நம்பர் என்கிறது பதிவேடு. இல்லை, நாலு என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவளுடைய அத்தை. இருபது வருஷம் இங்கே ஃபிட்டர். அந்தப் பதினொன்றின் வரலாற்றை எழுதுகிறவளும் அவள்தான்.

"கூட்டத்துல செருப்பு மாறுற மாதிரிடி," என்பாள் அத்தை. "பழுது பாக்குறப்ப கொதிகலன் மாறும், தொட்டி மாறும், பேர்ப்பலகைகூட மாறும். அடிச்சட்டம் மட்டும் மாறாது. அது காலு."

நாளைக் காலை அருங்காட்சியகக் குழு வந்து அந்தக் காலைப் பார்க்கப்போகிறது. நாலு என்றிருந்தால் அத்தையின் புத்தகம் அச்சேறும். இல்லாவிட்டால், கற்பனை என்று பதிப்பகத்திலிருந்து இருமுறை திரும்பி வந்த கையெழுத்துக் கட்டு மறுபடியும் திரும்பும்.

"அத்தை என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

"மண்ணெண்ணெயில ஊறவச்சுச் சுரண்டு, நம்பர் தலை காட்டுனதும் கைய எடுத்துடு, தாளை வச்சுப் பென்சிலால உரசிப் படி எடு, அப்புறந்தான் மத்ததுன்னாங்க. பெயிண்ட் கல்லு மாதிரிண்ணா. பொறுமை போயிடுச்சு."

"தொட்டதெல்லாம் துலங்கும்னு உன்னச் சொல்லுவாங்க. அதுக்காக இப்படியா?"

அவள் விசும்பினாள். "ஆனா பாத்தேண்ணா. ஒரு நொடி. நாலுதான்."

"அப்ப அதச் சொல்லு."

"மருமக சாட்சி சொன்னா எவன் நம்புவான்?" குரலைத் தாழ்த்தினாள். "பழைய நம்பர் அச்சுப் பெட்டி இங்கயே இருக்கு. நாலை எடுத்து வச்சிருக்கேன். சுத்தியலால ஒரே அடி. உள்ளதத்தானே திருப்பி அடிக்கிறேன்?"

 அண்ணன் திட்டவில்லை. 

"ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு."

என்ன கேட்கப்போகிறான் என்று தெரிந்ததுபோல அவள் கண்ணை மூடினாள். பறக்கும் தீப்பொறி, அதற்கு நடுவில் ஒரு கோடு, அதை வெட்டும் இன்னொரு கோடு. வளைவு ஏதும் இருந்ததா? எவ்வளவு இறுக மூடினாலும் பொறிதான் தெரிந்தது.

"நாலுன்னு நீ பாத்தியா, இல்ல, அத்தை சொல்லிச் சொல்லி உனக்கு நாலாத் தெரிஞ்சுதா?"