மஃரிபுக்கு ஒரே வாசல்

புதுப் பள்ளிவாசலுக்கு வரைபடம் போட்டவள் ஐரின். திண்டுக்கல் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணுக்கு இந்த வேலையா என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசட்டும். கும்மட்டம் கிடையாது, மினாரா ஒன்றே ஒன்று, அதுவும் ஒல்லி. சுட்ட மண்ணில் சல்லடைச் சுவர். சித்திரை வெயிலிலும் உள்ளே காற்று சிலுசிலுக்கும். ஆனால் அவள் உயிரை வைத்திருந்தது மூன்று கதவுகள்மேல். பழைய கட்டடத்தில் ஒரே வாசல். தொழுகை முடிந்தால் அய்யலூர் ஆட்டுச் சந்தை தோற்றுவிடும். இப்போது முன்னால் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. அத்தனை பேரும் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். இதற்காக ஜமாத்தாரோடு ஆறு மாதம் மல்லுக்கட்டி ஜெயித்தாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

திறப்பு நாள். பொழுது சாய, உள்ளே மஃரிப் தொழுகை நடந்துகொண்டிருந்தது. தன் கதவுகளின் சாமர்த்தியத்தைக் கண்ணாரப் பார்க்க ஐரின் முன்படியருகே வந்தாள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். சிலர் நெற்றியில் திருநீறு, ஒருத்தி கழுத்தில் ஜெபமாலை.

"எதுக்குக்கா நிக்கிறீங்க?" என்று முன்னால் நின்றவளிடம் கேட்டாள். அவள் பெயர் முத்துப்பேச்சி, நத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள்; இடுப்பின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகள்.

"மூணு நாளாக் காய்ச்சக்கா. மாத்திரையும் குடுத்தாச்சு. தொழுதுட்டு வாரவுக ஓதி ஊதிவிட்டா புள்ளைக நல்லாத் தூங்கும். இங்கன நின்னா அம்புட்டுப் பேரும் ஊதிட்டுத்தான் போவாக."

தொழுகை முடிந்தது. ஐரின் வரைந்தபடியே எல்லாம் நடந்தது. வண்டிகள் பக்கவாட்டில் நின்றதால் முதலில் கிளம்பிய கூட்டம் பக்கக் கதவுகள் வழியே கலைந்தது. முன்வாசலுக்கு வந்தவர்கள் மூன்றே பேர். பெண்கள் இந்தப் பக்கம் ஓடினார்கள், அந்தப் பக்கம் ஓடினார்கள். முத்துப்பேச்சி "பாய், பாய்" என்று ஒரு பைக்கின் பின்னால் ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். ஆறு மாதமாக நூறு கேள்வி கேட்ட ஐரின், வாசலில் யார் நிற்பார்கள் என்று கேட்கவேயில்லை.

முத்தவல்லி அப்துல் ஜப்பாரும் முன்வாசலில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிர்வாகம் மொத்தமும் அவர் கையில்.

"நாங்களும் யோசிக்கலியேம்மா. வாசல்னு இருந்தா அவுக நிப்பாகன்னே இருந்துட்டோம்."

உள்ளே இன்னும் பாதிப் பேர், கூட்டுத் தொழுகைக்குப் பின் அவரவர் தனியாகத் தொழும் சுன்னத் தொழுகையில் இருந்தார்கள்.

"பாய், பக்கத்துக் கதவு ரெண்டையும் சாத்திருவோம். மஃரிபுக்கு மட்டும் இனி ஒரே வாசல்."

"ஆறு மாசம் சண்டை போட்டு வச்ச கதவும்மா!"

"வச்ச நானே சாத்துறேன்."

ஓடிப்போய்ச் சாத்தினாள். மிச்சக் கூட்டம் முன்வாசலில் முட்டி மோதி, ஒவ்வொருவராக நின்று, முணுமுணுத்து ஊதிவிட்டு நகர்ந்தது. "இவனைச் செத்த நேரம் பிடிங்கக்கா" என்று முத்துப்பேச்சி கொடுத்த சின்னவன் ஐரினின் தோளில் சூடாகக் கிடந்தான்.

கடைசியாக அப்துல் ஜப்பார் வந்தார். குழந்தையின் உச்சியில் ஊதினார். பிறகு ஐரினின் தலைக்கும் ஊதினார்.

"எனக்கு எதுக்கு பாய்?"

"நீயுந்தானம்மா நம்ம வாசல்ல நிக்கிற."

ஐரின் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு தரம் ஊதமாட்டாரா என்று இருந்தது.